கிரேவிக்காரனுக்கு ஒரு நட்சத்திரம்

என் மகள் கயல் ஒரு பிரியாணி ஆர்டர் பண்ண அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். அஜ்மானில் எங்கள் கட்டிடத்தைச் சுற்றிப் பிரியாணிக் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம், அந்தக் கடையைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்து முடிப்பதற்குள் எனக்குப் பசி போய்விடும். போன வாரம் அப்படித் தேடிக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள்.

“அப்பா, உங்க பப் வந்திருக்கு பாருங்க. ‘ஒரே இருட்டு, மூச்சு முட்டுது, எல்லாம் அரதப்பழசு’ன்னு ஒருத்தர் போட்டிருக்கார். அதுக்குக் கீழேயே இன்னொருத்தர், ‘இங்கிலாந்துக்கு வெளியில இதைவிட நல்ல பப் கிடையாது’ங்கிறார். ரெண்டும் ஒரே நாள்ல! இவங்க ஒரே இடத்துக்குத்தான் போனாங்களா?”

ஒரே இடத்துக்குத்தான் போயிருப்பார்கள். ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். யார் கண்டது, பக்கத்துப் பக்கத்து மேஜையில்கூட உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்காலம் முழுக்க நான் பார்த்தது இதைத்தான். இப்போது ஓய்வு. விசாகூடக் கயலின் ஸ்பான்ஸரில்தான் ஓடுகிறது. காலையில் பால் வாங்குவதும் அவளுடைய டிபன் டப்பாவை மூடி வைப்பதும்தான் என் டூட்டி. நேரம் நிறைய இருக்கிறது என்பதால் எழுதிவைக்கிறேன்.

பப் என்றவுடன் நம் ஆட்களுக்குச் சுழலும் விளக்கும் காதைக் கிழிக்கும் பாட்டும்தான் ஞாபகம் வரும். அதனாலேயே ஊரில் யாராவது துபாயில் என்ன வேலை என்று கேட்டால் “ஹோட்டல்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவர்களும் இட்லி, தோசை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் இடம் அந்த மாதிரிப் பப் இல்லை. பர்துபாயில் ஒரு பழைய ஹோட்டலின் கீழ்த்தளத்தில், இங்கிலாந்துக் கிராமத்தில் இருக்கும் பப்பைப் பார்த்து அதே மாதிரி கட்டியது. தாழ்ந்த கூரை, அதில் கறுப்பு மர உத்தரங்கள், பூப்போட்ட கம்பளம், சுவரில் குதிரையும் வேட்டை நாயும் இருக்கும் படங்கள், மூலையில் குளிர்காயும் கணப்பு. உத்தரம் என்று நான் சொல்வது மரமில்லை, சிமெண்டில் பூசி மரம்போல வர்ணம் அடித்தது. கணப்பில் இருந்தது நெருப்பில்லை, சிவப்பு பல்பு. வெளியே வெயிலில் கார் கதவைத் தொட்டால் கை பொத்துப்போகும். உள்ளே நாங்கள் ஏசியை நன்றாகக் கூட்டி வைத்து, வருகிறவர்கள் அந்தப் பல்பு ஓரமாக நாற்காலி தேடும்படி செய்துவிடுவோம்.

இதில் பெரிய வேடிக்கை, அங்கே வேலை பார்த்த ஒருவரும் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. மேனேஜர் பெர்னாண்டஸ் சார் கோவாக்காரர். சமையல்கட்டில் பைஜு, திருச்சூர்க்காரர். பாரில் நேபாளிகள். நான் அறந்தாங்கிப் பக்கம். நாங்கள் எல்லாரும் சேர்ந்து வெள்ளைக்காரர்களுக்கு அவர்கள் ஊரைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

நான் அங்கே பாத்திரம் கழுவத்தான் வந்தேன். அதற்கு முன்னால் ஊரில் கல்யாணச் சமையல் கோஷ்டியோடு போய்ப் பந்தி பரிமாறுவது என் வேலை. பாத்திரத்திலிருந்து தட்டு தூக்குகிறவனாகி, பிறகு மேஜைக்கு வந்து, கடைசியில் கேப்டன் என்று சட்டையில் ஒரு பட்டை குத்திக்கொண்டேன். கேப்டன் ஆனபிறகுதான் மனைவி செல்வியையும் கயலையும் கூட்டிவந்தேன். துபாயில் வாடகை கொடுத்து மாளாது என்று அஜ்மானில் வீடு, அங்கிருந்து தினமும் பஸ்.

பெர்னாண்டஸ் சாரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தினமும் கடை திறப்பதற்கு முன் எங்களை பார் முன்னால் நிற்கவைத்து, முந்தின நாள் வந்தவர்கள் எழுதிப்போன அபிப்ராயங்களைப் படிப்பார். பாராட்டோ திட்டோ, இரண்டையும் ஒரே குரலில், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி படிப்பார். யாரையாவது திட்டியிருந்தால் அவன் முகத்தைப் பார்க்கமாட்டார். புகழ்ந்திருந்தாலும் பார்க்கமாட்டார். படித்து முடித்ததும் எங்களைப் பார்த்து இந்தியும் இங்கிலீஷும் கலந்து ஒரு கேள்வி கேட்பார். “இது தட்டைப் பத்தியா, நம்மளைப் பத்தியா, அவரோட ஊரைப் பத்தியா?”

குறை என்றால் மூன்று வகைதான் என்பது அவர் கணக்கு. இறைச்சி வேகவில்லை என்றால் அது தட்டைப் பற்றி, பைஜு கவனிக்கவேண்டும். தண்ணீர் கேட்டு வரவில்லை என்றால் நம்மைப் பற்றி, நாங்கள் கவனிக்கவேண்டும். ஆனால் எங்களுக்கு வந்ததில் பாதி மூன்றாவது வகைதான். ஒருவர் எழுதினார், “என் ஊர் பப்பில் கணப்பு ஓரம் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும், இங்கே நாயே இல்லை.” அன்றைக்கு மட்டும் பெர்னாண்டஸ் சார் தாளிலிருந்து தலையை எடுத்து, “நாய்க்கு எந்த விசா எடுக்குறது?” என்றார்.

உயரமான ஒருவருக்கு உத்தரத்தில் தலை இடித்துவிட்டது. இது பாதுகாப்பே இல்லாத இடம் என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த மாதம் இன்னொரு நெட்டை மனிதருக்கும் இடித்தது. அவர், “எங்கள் ஊர் பப்பில் அப்பாவுக்கு இடிக்கும், எனக்கும் இடிக்கும், இங்கேயும் இடித்தது, நன்றி” என்று எழுதினார். ரம்ஜானில் பாட்டு போடமாட்டோம். அப்படி ஒரே மாலையில் ஒரு மேஜையில் சாவு வீடு மாதிரி இருக்கிறது என்றார்கள், பக்கத்து மேஜையில் இப்போதுதான் பேசினால் காதில் விழுகிறது என்றார்கள். அந்த வெள்ளைக்காரர்களும் ஒரே ஊர்க்காரர்களா என்ன? வடக்கே ஒருத்தர், தெற்கே ஒருத்தர், கடலோரம் ஒருத்தர். மதுரைக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் சாம்பாரில் ஒத்துப்போகிறதா? அவரவர் ஊர் பப்தான் அவரவருக்கு அசல்.

பெர்னாண்டஸ் சாருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. சாப்பாடு எப்படி இருக்கிறது என்று வருகிறவரைக் கேட்கலாம், நல்லதாக எழுதுங்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. மற்ற ரெஸ்டாரண்டுகளில் பில் வைக்கும்போதே “சார், என் பேரைப் போட்டு அஞ்சு ஸ்டார் குடுங்க” என்று கெஞ்சுவார்கள். எங்களிடம் அந்தப் பேச்சே கிடையாது.

இனி கிரேவிக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ‘சண்டே ரோஸ்ட்’ என்று ஒரு சாப்பாடு. வாட்டிய மாட்டிறைச்சித் துண்டு, உருளைக்கிழங்கு, வேகவைத்த காய், நடுவில் குழி விழுந்த பெரிய பணியாரம் மாதிரி ஒன்று. இறைச்சிச் சாற்றிலேயே காய்ச்சிய கிரேவியை அதன்மேல் ஊற்றிக்கொள்வார்கள். அப்போது இங்கே வார விடுமுறை வெள்ளி. அதனால் எங்கள் சண்டே ரோஸ்ட் வெள்ளிக்கிழமை நடந்தது. இதைப் பற்றியும் எழுதித் தள்ளினார்கள்.

நான் மேஜைக்கு வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை. மேஜைக்கு ஒன்றாகக் கிரேவி வைக்கும் சின்ன ஜாடிகளை அடுக்கி வைத்திருந்த தட்டு கீழே விழுந்து முக்கால்வாசி உடைந்துபோனது. பெர்னாண்டஸ் சார் பெரிய ஜாடி ஒன்றை என் கையில் கொடுத்து, எல்லா மேஜைக்கும் நீயே போய் ஊற்று என்றார். ஊற்றினேன். ஒரு சுற்று முடிந்தது. என் கை அதோடு நிற்கவேண்டுமே! பந்தியில் குழம்பு ஒருமுறையோடு நிற்குமா? மறுபடி முதல் மேஜையிலிருந்து ஆரம்பித்தேன். சிலர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்கள். நம் பந்தியில் யாராவது போதும் என்றால் முதல் தடவை நம்புவோமா? இலையில் கையை வைத்து மறைத்தாலும் விரல் சந்துக்குள் ஒரு கரண்டி விட்டுவிட்டுத்தான் நகர்வோம். அப்படி விட்டால்தான் வந்தவருக்கு மரியாதை. அதே வழக்கத்தில் நானும் ஊற்றிக்கொண்டே போனேன்.

மறுநாள் பெர்னாண்டஸ் சார் இரண்டு அபிப்ராயங்களைப் படித்தார். ஒன்று, “வேண்டாம் என்று சொன்னபிறகும் என் தட்டை வெள்ளக்காடாக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் எந்த பப்பிலும் இப்படி நடக்காது.” இன்னொன்று, “கிரேவி இரண்டாம் தடவை தேடி வரும் ஒரே இடம் இதுதான். நான் இனி வேறு எங்கும் போகப்போவதில்லை.” படித்துவிட்டு அவர் அந்த வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

“இது தட்டைப் பத்தி இல்ல. அவங்க ஊரைப் பத்தியும் இல்ல,” என்றார். “இது முருகேசனோட ஊரைப் பத்தி.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் அன்றைக்கே உட்கார்ந்து அதற்கு ஒரு முறை வகுத்துக்கொடுத்தார். முதல் சுற்று எல்லாருக்கும். இரண்டாம் சுற்று, சாப்பிடுகிறவர் முட்கரண்டியைக் கீழே வைக்கும் நேரம் பார்த்து. ஜாடிக்கு அடியில் மடித்த துணி பிடிக்கவேண்டும். வலது பக்கம் நின்று குனிந்து கேட்கவேண்டும். உருளைக்கிழங்கின்மேல் ஊற்றலாம், பணியாரத்தின்மேல் ஊற்றினால் நமுத்துப்போகும். வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்கலாம், கேட்காமல் ஊற்றவே கூடாது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கிரேவி என் பொறுப்பு. கேப்டன் ஆனபிறகும் அந்த ஜாடியை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் வருகிறவர் மிஸ்டர் ஆலன். துறைமுக வேலைக்கென்று வந்து, ரிடையர் ஆகி, சொந்தமாக ஃபிளாட் வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட கிழவர். கணப்பு ஓரத்தில் ஒருவர் மட்டும் உட்காரும் மேஜை அவருடையது. அவருக்கும் எனக்கும் வாராவாரம் ஒரே நாடகம். இரண்டாம் சுற்றில் போய் நிற்பேன்.

“இன்னும் கொஞ்சம் கிரேவி, சார்?”

“வேண்டாம்.” தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வார்.

“கொஞ்சூண்டு, சார். உருளைக்கிழங்கு காய்ஞ்சு கெடக்கு.”

“வேண்டாம்னா வேண்டாம், முரு. உனக்குக் காது கேக்குமா கேக்காதா?”

நான் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் அபிப்ராயம் எழுதுவார். “கிரேவிக்காரன் என்னை நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை.” கீழே ஒரு நட்சத்திரம். அடுத்த வெள்ளி வருவார், அதே மேஜை, அதே உள்ளங்கை, அதே ஒரு நட்சத்திரம். எனக்குப் பழகிவிட்டது. அவர் எழுதாவிட்டால்தான் உடம்புக்கு முடியவில்லையோ என்று விசாரித்திருப்பேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஹோட்டலுக்குப் புது ஜெனரல் மேனேஜர் வரும்வரை. சமீர் சார், லெபனான்காரர். கெட்டவரில்லை. எல்லாருடைய பெயரையும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் பண்ணிக்கொண்டவர். ஆனால் எதையும் எண்ணாகத்தான் பார்ப்பார். சீட்டில் எழுதுவதை நிறுத்தி, பில்லோடு ஒரு டேப்லெட்டை நீட்டச் சொன்னார். எல்லா நட்சத்திரமும் அவர் அறையிலிருந்த திரையில் போய் விழும். சீன ரெஸ்டாரண்டுக்கு நாலு, லாபி கபேக்கு நாலு. எங்களுக்கு ஐந்தும் ஒன்றுமாக மாறிமாறி விழுந்து, சராசரி பார்த்தால் ஹோட்டலிலேயே கடைசி. அந்த வருஷ முடிவுக்குள் இது ஏறாவிட்டால் பப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹூக்கா புகைக்கும் ஷீஷா லவுஞ்ச் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

கயல் அப்போது பிளஸ் டூ. மார்ச்சில் பப்ளிக் பரீட்சை. பப் மூடினால் என் விசா ரத்து, என் விசா போனால் செல்வி, கயல் விசாவும் போகும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போய் எந்தப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைப்பது? ஒரு வருஷப் படிப்பு அப்படியே மண்ணாகிவிடும். இந்த விஷயத்தைக் கயலிடம் சொல்லவேண்டாம் என்று நானும் செல்வியும் முடிவு பண்ணினோம். அவள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, நாங்கள் சமையல்கட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவே குசுகுசுவென்று பேசிக்கொள்வோம்.

ஒரு நாள் பெர்னாண்டஸ் சார் என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“முருகேசன், ஒரு ஸ்டார் வந்ததையெல்லாம் சமீர் சார் பிரிச்சுப் பார்த்தார். நிறையா இடத்துல ‘கிரேவிக்காரன்’னு இருக்கு. அந்த ஆளை அனுப்பிட்டா பப்புக்கு இன்னொரு வருஷம் குடுக்குறேன்கிறார்.”

“நீங்க என்ன சொன்னீங்க, சார்?”

“வெள்ளிக்கிழமை நீங்களே வந்து ஒரு மேஜையில உக்காருங்க, பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னேன். சரின்னார். அவ்வளவுதான் நான் செய்ய முடிஞ்சது.” டையைச் சரி பண்ணிக்கொண்டார். “வழக்கம்போல வேலையைப் பார். யார்கிட்டயும் எதுவும் கேட்காதே.”

யாரிடமும் என்று அவர் சொன்னது யாரை என்று எனக்குத் தெரியும். அந்த ‘கிரேவிக்காரன்’ முக்கால்வாசியும் மிஸ்டர் ஆலனின் கைவரிசைதான். வாராவாரம் வந்து ஒரே ஆள் குத்திய நட்சத்திரம் அது. திரையில் அது தெரியாது.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “அந்த மனுஷங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? பொம்பளப்புள்ள படிப்புன்னு சொன்னா எந்த ஊரு ஆளுக்கும் புரியாதா?”

“சார் கேக்கக்கூடாதுன்னுட்டாரு.”

“அவரு சொல்லுவாரு. அவரு புள்ளையா பரீட்சை எழுதப்போவுது?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது மிஸ்டர் ஆலனிடம் சொல்லவேண்டியதை இங்கிலீஷில் கோர்த்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு உள்ளே போனதும் வாய் வரவில்லை. இத்தனை வருஷம் தினமும் நிற்கவைத்து, திட்டையும் பாராட்டையும் ஒரே குரலில் படித்துக் காட்டிய மனிதர் அங்கே பார் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நட்சத்திரம் யாசிக்க என்னால் முடியவில்லை. அதற்குப் பதில் வேறொன்று தோன்றியது. கிரேவி வேண்டுமா என்று கேட்டால்தானே குறை? நான் மிஸ்டர் ஆலனிடம் இரண்டாம் சுற்று போகவே மாட்டேன். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகட்டும். எழுத ஒன்றுமிருக்காது. எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மதியம் கூட்டம் நிறைந்திருந்தது. சமீர் சார் தனியாக வந்து, கணப்புக்கு இந்தப் பக்கம், மிஸ்டர் ஆலன் மேஜைக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு தட்டு ரோஸ்ட் வைத்தோம். முதல் சுற்று நன்றாகப் போனது. பிறகு இரண்டாம் சுற்று. ஜன்னல் பக்கமிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தேன். சமீர் சாரிடமும் கேட்டேன். கொஞ்சம் ஊற்றச் சொன்னார். மிஸ்டர் ஆலன் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைத் தட்டுக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார். நான் பார்க்காததுபோல அவரைத் தாண்டி அடுத்த மேஜைக்குப் போய்விட்டேன்.

முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தது. “முரு!”

திரும்பினேன். மொத்தக் கூடமும் திரும்பியது.

“என்ன ஆச்சு உனக்கு? என்னை விட்டுட்டுப் போறே?”

“உங்களுக்கு வேண்டாமே, சார்.”

“வேண்டாம்னு நான் சொன்னேனா? நீ கேட்டியா? கேக்காமலே எப்படித் தெரியும்?”

ஜாடியோடு அப்படியே நின்றேன். பெர்னாண்டஸ் சார் பாரை விட்டு நகரவில்லை. சமீர் சார்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தான் யார் என்று சொல்லி, மரியாதையாகப் பேசினார். “நீங்க வாராவாரம் இதைத்தானே குறையா எழுதுறீங்க? அதனாலதான் நிறுத்தியிருப்பார். இனிமே உங்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. இவரை மாத்திடலாம்னு இருக்கோம்.”

“மாத்துறதா? எங்கே?”

“வேலையிலிருந்து.”

மிஸ்டர் ஆலன் முகம் சிவந்துவிட்டது. நாப்கினை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு பேசியபோது குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. அவர் இங்கிலீஷில் சொன்னதை எனக்குத் தெரிந்தமாதிரி எழுதுகிறேன்.

“என் ஃபிளாட்ல நான் ஒருத்தன்தான். காலையில டோஸ்ட், ராத்திரி டின் சூப். இன்னும் கொஞ்சம் வேணுமான்னு அங்கே என்னைக் கேக்க யாருமில்ல. வாரத்துல ஒரு நாள் இவன் வந்து கேக்குறான். நான் வேண்டாம்கிறேன். மறுபடியும் கேக்குறான். மறுபடியும் வேண்டாம்கிறேன். இவனை அனுப்பிட்டீங்கன்னா வேண்டாம்னு நான் யார்கிட்டய்யா சொல்றது?”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சமீர் சார் தன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்படின்னா வாராவாரம் ஏன் சார் ஒரு ஸ்டார்?”

“தொல்லைதானே பண்றான்? பண்றதைத்தானே எழுத முடியும்?” மிஸ்டர் ஆலனுக்குப் பழைய கோபம் திரும்பியிருந்தது. “இன்னைக்கும் ஒண்ணுதான். இன்னைக்குத்தான் ரொம்ப மோசம். என்னைத் தாண்டிப் போயிட்டான்.”

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. ஜன்னல் பக்கம் ஒரு பெண் என்று நினைக்கிறேன். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், சமீர் சாரும் சேர்ந்து. அவர் எழுந்து பெர்னாண்டஸ் சார் நின்ற இடத்துக்குப் போனார். நான் பக்கத்தில் இருந்ததால் காதில் விழுந்தது.

“இவர் எத்தனை வருஷமா வர்றார்?”

“நான் வர்றதுக்கு முன்னாலிருந்தே, சார். ஒரு வெள்ளிக்கிழமை தவறினதில்லை.”

“அது என் திரையில வரலையே.” சமீர் சார் மிஸ்டர் ஆலன் மேஜையைத் திரும்பிப் பார்த்தார். “கலாஸ், முடிஞ்சுது. பப் இருக்கட்டும். இந்த ஆளும் இருக்கட்டும்.”

பெர்னாண்டஸ் சார் “தேங்க் யூ சார்” என்றார், அறிவிப்பு படிக்கும் அதே குரலில். சமீர் சார் போனபிறகு என்னைப் பார்த்து, “மேஜை காத்துக்கிட்டிருக்கு,” என்றார். நான் மிஸ்டர் ஆலனிடம் திரும்பிப் போய், வலது பக்கம் நின்று, குனிந்து கேட்டேன். உள்ளங்கையைத் தட்டின்மேல் விரித்து வேண்டாம் என்றார். மறுபடியும் கேட்டேன். காது கேட்குமா என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டு அத்தனை சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

பின்னால் அரசாங்கம் வார விடுமுறையை மாற்றி, எங்கள் ரோஸ்ட் ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமைக்கே போனது. வெள்ளிக்கிழமைதான் வசதி, யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று மிஸ்டர் ஆலன் அதற்கும் எழுதினார். நான் ஓய்வு பெறும்வரை பப் நடந்தது, இப்போதும் நடக்கிறது. கயல் படிக்கும் நட்சத்திரங்களில் அவருடையதும் இருக்கும். ஆனால் நான் சொல்லி முடிக்கவேண்டியது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைத்தான்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது செல்வி கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். அவளுக்கு அது போதும். உள்ளே போய்ச் சோற்றைப் போட்டாள். கயல் அதே மேஜையின் மறுகோடியில் கெமிஸ்ட்ரி புத்தகத்தை விரித்துவைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ரசம் ஊற்றிச் சாப்பிட்டு முடிக்கும் நேரம் செல்வி மறுபடி கரண்டியோடு வந்தாள்.

“இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க.”

“போதும்.”

“மதியம் ஒழுங்காச் சாப்புட்டிருக்கமாட்டீங்க. ஒரு கரண்டி.”

“போதும் செல்வி,” என்று தட்டின்மேல் கையை வைத்து மறைத்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டுச் சோற்றை வைத்து ரசத்தை ஊற்றினாள். எனக்குப் பொலபொலவென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு, ரசம் ஒரே காரம் என்றேன்.

“காரமே இல்லப்பா,” என்றாள் கயல், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.